அமெரிக்கப் பல்கலைக்கழக மகளிர் கைப்பந்துச் சாம்பியன் போட்டி

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பல்கலைக்கழக மாணவியருக்காக ஆண்டுதோறும் நடைபெறும் தேசியக் கைப்பந்துப் போட்டியே அமெரிக்கப் பல்கலைக்கழக மகளிர் கைப்பந்துச் சாம்பியன் போட்டி ஆகும். தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் இதனை 1981ஆம் ஆண்டு முதல் நடத்தி வருகிறது. இச்சங்கம் சுருக்கமாக என்.சி.ஏ.ஏ. என அழைக்கப்படுகிறது. முதல் பிரிவைச் சேர்ந்த 64 பல்கலைக்கழக அணிகள் டிசம்பர் மாதத்தில் இப்போட்டியில் மோதுகின்றன. 1981 முதல் 2024 வரை நடந்த 44 போட்டிகளில் 12 பல்கலைக்கழகங்கள் மட்டுமே பட்டம் வென்றுள்ளன.

இந்தியாவில் பல்கலைக்கழகங்களுக்கிடையேயான போட்டிகளை இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் மண்டல வாரியாக நடத்துவதை மாணவர்கள் அறிவர். அமெரிக்கப் போட்டியும் அத்தகையதே. ஆனால் அதன் பின்னால் வேறொரு வரலாறு உண்டு. பெண்களின் விளையாட்டை யார் நடத்துவது, பெண்களா, ஆண்களின் விளையாட்டுக்காக உருவான பழைய அமைப்பா என்ற கேள்வி இப்போட்டியின் தொடக்கத்திலேயே எழுந்தது. அக்கேள்வியின் விளைவுகள் 2024 வரை நீடித்தன.

ஆட்டத்தின் பிறப்பு

கைப்பந்து ஆட்டம் 1895ஆம் ஆண்டு மசாசூசெட்ஸ் மாநிலத்தின் ஹோலியோக் நகரில் பிறந்தது. அங்கிருந்த ஒய்.எம்.சி.ஏ. நிலையத்தில் உடற்பயிற்சி இயக்குநராக இருந்த வில்லியம் ஜி. மார்கன் இதை உருவாக்கினார். அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு, அருகிலிருந்த ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் கூடைப்பந்து தோன்றியிருந்தது. நடுத்தர வயதைத் தாண்டிய வணிகர்களுக்கு ஓடி மோதும் அந்த ஆட்டம் கடினமாக இருந்ததால், ஒருவரையொருவர் தொடாமல் ஆடும் ஓர் ஆட்டம் வேண்டுமென மார்கன் எண்ணினார். அதற்கு அவர் முதலில் வைத்த பெயர் மின்டோனெட். பந்து தரையில் விழாமல் முன்னும் பின்னும் பறப்பதைப் பார்த்து 1896இல் ஆல்ஃபிரட் ஹால்ஸ்டெட் என்பவர் கூறிய வாலிபால் என்ற பெயரே நிலைத்தது.

உடல் மோதல் இல்லாத ஆட்டம் என்பதால் பெண்கள் கல்லூரிகளும் பள்ளிகளும் இதை விரைவில் ஏற்றுக்கொண்டன. ஆயினும் அக்காலத்து உடற்கல்வி ஆசிரியைகளில் பலர், கல்லூரிகளுக்கிடையே கடும்போட்டி நடத்துவதை விரும்பவில்லை. போட்டி வெறி உடல்நலத்தையும் படிப்பையும் கெடுக்கும் என்றும், சிலர் மட்டும் ஆட மற்றவர் பார்த்துக்கொண்டிருக்கும் நிலை வரும் என்றும் அவர்கள் அஞ்சினர். எனவே 1920களுக்குப் பின் விளையாட்டு நாள் என்ற வழக்கம் பரவியது. பல கல்லூரி மாணவியர் ஓரிடத்தில் கூடுவர். கல்லூரி வாரியாக அல்லாமல் எல்லாரும் கலந்து அணிகளாகப் பிரிந்து ஆடுவர். அதனால் எந்தக் கல்லூரி வென்றது என்ற பேச்சுக்கே இடமிருக்காது. ஆட்டம் முடிந்தபின் சிற்றுண்டி வழங்கப்படும்.

1964ஆம் ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்கில் கைப்பந்து முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. ஒலிம்பிக்கில் பெண்கள் ஆடிய முதல் குழு விளையாட்டு இதுவே. திறமையான மாணவியருக்கு முறையான போட்டி வேண்டும் என்ற எண்ணம் அதன்பின் வலுப்பெற்றது.

மாணவியருக்கான முதல் தேசியப் போட்டி

1970ஆம் ஆண்டு கல்லூரி மாணவியருக்கான முதல் தேசியக் கைப்பந்துப் போட்டி கலிபோர்னியாவின் லாங் பீச் நகரில் நடந்தது. இதை நடத்தியவர்கள் பெண் உடற்கல்வி ஆசிரியைகளின் அமைப்பினர். பட்டத்தை வென்றது பெரிய பல்கலைக்கழகம் எதுவுமல்ல. மேற்கு டெக்சாஸின் ஆல்பைன் என்ற சிற்றூரிலிருந்து வந்த சல் ராஸ் மாநிலக் கல்லூரியே வென்றது. அடுத்த ஆண்டும் அதே கல்லூரி பட்டத்தைத் தக்கவைத்துக்கொண்டது.

1971இல் கல்லூரிப் பெண்கள் விளையாட்டுச் சங்கம் தோன்றியது. ஏ.ஐ.ஏ.டபிள்யூ. என அழைக்கப்பட்ட இச்சங்கத்தை முழுக்க முழுக்கப் பெண் கல்வியாளர்களே நடத்தினர். தொடக்கத்தில் ஏறக்குறைய 280 கல்லூரிகள் உறுப்பினராக இருந்தன. பத்தாண்டுகளுக்குள் அந்த எண்ணிக்கை ஆயிரத்தை நெருங்கியது. ஆண்கள் விளையாட்டில் அவர்கள் கண்ட குறைகள் தங்கள் சங்கத்தில் வரக்கூடாது என்பதில் அவர்கள் உறுதியாக இருந்தனர். ஆட்டக்காரரை ஊர் ஊராகத் தேடிப்போய்ப் பேரம் பேசிச் சேர்ப்பதும், உதவித்தொகை காட்டி இழுப்பதும், தேர்ச்சி பெறாதவரை ஆட வைப்பதும் அவர்கள் தவிர்க்க விரும்பியவை. மாணவி முதலில் மாணவி, பிறகே ஆட்டக்காரி என்பது அவர்களின் கொள்கை. விளையாட்டு உதவித்தொகை பெறுபவர் தங்கள் போட்டிகளில் பங்கேற்க முடியாது என்றும் விதி வகுத்தனர்.

நல்ல எண்ணத்தில் வகுக்கப்பட்ட இவ்விதி விரைவில் சிக்கலானது. ஆண் மாணவர் உதவித்தொகையுடன் ஆடலாம், பெண் மாணவி ஆடக்கூடாது என்றால் அது சமநீதியா என்ற கேள்வி எழுந்தது. 1973இல் ஃபுளோரிடாவைச் சேர்ந்த டென்னிஸ் பயிற்சியாளர் ஃபெர்ன் கெல்மேயரும் மாணவியர் சிலரும் வழக்குத் தொடுத்தனர். சங்கம் தன் விதியை மாற்றிக்கொண்டது.

1970களில் பட்டம் பெரும்பாலும் மேற்குக் கடற்கரையிலேயே தங்கியது. லாங் பீச் மாநிலப் பல்கலைக்கழகத்தின் அணியை டிக்சி கிரிமெட் என்ற பெண் பயிற்சியாளர் வெற்றிக்கு அழைத்துச் சென்றார். 1974, 1975 ஆண்டுகளில் லாஸ் ஏஞ்சலஸ் கலிபோர்னியாப் பல்கலைக்கழகமான யூ.சி.எல்.ஏ. வென்றது. 1976, 1977, 1980 ஆண்டுகளில் தெற்கு கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் வென்றது. 1978இல் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகம் வென்றபோது அவ்வணிக்கு வழிகாட்டியவர்களில் ஒருவர் மேரி ஜோ பெப்ளர். இவர் 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆடியவர். 1979இல் ஹவாய்ப் பல்கலைக்கழகம் பட்டத்தைத் தன் தீவுக்குக் கொண்டு சென்றது.

37 சொற்கள் கொண்ட சட்டம்

இதே காலத்தில் அமெரிக்கக் கல்வி வரலாற்றையே மாற்றிய சட்டமொன்று நிறைவேறியது. 1972 ஜூன் 23 அன்று குடியரசுத் தலைவர் ரிச்சர்ட் நிக்சன் கையெழுத்திட்ட கல்வித் திருத்தச் சட்டத்தின் ஒன்பதாம் தலைப்பு அது. அதன் மையப்பகுதி ஆங்கிலத்தில் 37 சொற்களே. மத்திய அரசின் நிதியுதவி பெறும் எந்தக் கல்வித் திட்டத்திலும் ஆண், பெண் என்ற காரணத்தால் ஒருவரை விலக்கவோ வேறுபடுத்தவோ கூடாது என்பதே அதன் சாரம். அந்த வாசகத்தில் விளையாட்டு என்ற சொல்லே இல்லை. ஆனால் கல்லூரி விளையாட்டும் கல்வித் திட்டத்தின் பகுதி என்பதால், அதன் தாக்கம் ஆடுகளத்தில்தான் மிகத் தெளிவாகத் தெரிந்தது.

இச்சட்டத்திற்குப் பாடுபட்டவர்களுள் பிரதிநிதிகள் சபை உறுப்பினர்களான எடித் கிரீன், பாட்சி மிங்க், செனட்டர் பிர்ச் பே ஆகியோர் முதன்மையானவர்கள். பாட்சி மிங்க் ஹவாயின் மாவுயி தீவில் பிறந்தவர். மருத்துவம் படிக்க விரும்பிய அவரை, பெண் என்பதால் மருத்துவக் கல்லூரிகள் சேர்த்துக்கொள்ளவில்லை. அவர் சட்டம் பயின்று அரசியலுக்கு வந்தார். 2002இல் அவர் மறைந்தபின் இச்சட்டத்திற்கு அவர் பெயரே சூட்டப்பட்டது.

1971-72ஆம் கல்வியாண்டில் அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் விளையாட்டுப் போட்டிகளில் பங்கேற்ற மாணவியர் சுமார் 2,95,000 பேர். இன்று அந்த எண்ணிக்கை 30 லட்சத்தைத் தாண்டுகிறது. பள்ளியில் ஆடும் மாணவியர் பெருகியதால், பல்கலைக்கழக அணிகளுக்குத் திறமையானவர்கள் கிடைத்தனர்.

மிங்க்கின் மாநிலமான ஹவாயில் சட்டத்தின் பயன் கைப்பந்தில் விரைவாகத் தெரிந்தது. 1972இல் அங்குப் பெண்கள் விளையாட்டின் முதல் இயக்குநராகப் பொறுப்பேற்ற டோனிஸ் தாம்சன் கைப்பந்தைத் தேர்ந்தெடுத்து வளர்த்தார். பெண்கள் ஆட்டத்தைக் காசு கொடுத்துப் பார்க்க மக்கள் வருவார்கள் என அவர் நம்பினார். கிளம் ஜிம் என்ற சிறிய, புழுக்கமான உள்ளரங்கில் ரசிகர்கள் நெருக்கியடித்து அமர்ந்தனர். 1975இல் பயிற்சியாளராக வந்த டேவ் ஷோஜி நாற்பதாண்டுகளுக்கு மேல் அப்பொறுப்பில் இருந்தார்.

டெக்சாஸின் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் 1974இல் விளையாட்டு உதவித்தொகை பெற்ற முதல் மாணவி ஃபுளோ ஹைமன். ஆறடி ஐந்தங்குல உயரம் கொண்ட இவர் பின்னர் தேசிய அணியில் ஆடி, 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் வெள்ளிப் பதக்கம் பெற்றார். அதே ஆண்டு உச்சநீதிமன்றத் தீர்ப்பொன்று ஒன்பதாம் தலைப்பின் வலிமையைக் குறைத்தது. அதை மீட்கும் சட்டத்திற்காக ஹைமன் குரல் கொடுத்தார். 1986இல் ஜப்பானில் ஓர் ஆட்டத்தின்போது மயங்கி விழுந்து இறந்தார். அப்போது அவருக்கு வயது 31. அவர் ஆதரித்த சட்டம் 1988இல் நிறைவேறியது.

ஒரே ஆண்டில் இரு சாம்பியன்கள்

ஆண்கள் விளையாட்டை நடத்திவந்த என்.சி.ஏ.ஏ. தொடக்கத்தில் ஒன்பதாம் தலைப்பை எதிர்த்தது. வருவாய் ஈட்டும் விளையாட்டுகளுக்கு விலக்கு அளிக்க வேண்டும் என்ற திருத்தத்தை 1974இல் ஆதரித்தது. 1976இல் அரசின் விதிமுறைகளை எதிர்த்து வழக்கும் தொடுத்தது. இரண்டும் பயன் தரவில்லை. பெண்கள் விளையாட்டு நிலைத்துவிட்டது என்று தெளிவானபின் அதன் அணுகுமுறை மாறியது. பெண்களுக்கான போட்டிகளைத் தானே நடத்த முன்வந்தது.

1981 ஜனவரியில் நடந்த என்.சி.ஏ.ஏ. மாநாட்டில் முதல் பிரிவுப் பெண்கள் போட்டிகளுக்கான தீர்மானம் வாக்கெடுப்புக்கு வந்தது. முதல் வாக்கெடுப்பு சமநிலையில் முடிந்தது. மறுபடி எடுத்த வாக்கெடுப்புகளுக்குப் பின்னரே அது நிறைவேறியது. பெண்கள் சங்கத்தின் தலைவர்கள் இதை எதிர்த்தனர். தாங்கள் பத்தாண்டுகள் உழைத்து உருவாக்கியதை, வேறோர் அமைப்பு கேளாமலே எடுத்துக்கொள்கிறது என்பது அவர்களின் வருத்தம்.

ஆனால் கல்லூரிகளின் நிலை வேறாக இருந்தது. பெண்கள் போட்டிகளுக்கென என்.சி.ஏ.ஏ. கூடுதல் உறுப்பினர் கட்டணம் கேட்கவில்லை. தேசியப் போட்டிக்கு வரும் அணிகளின் பயணச் செலவை ஏற்பதாகக் கூறியது. தொலைக்காட்சி ஒப்பந்தங்களும் அதன் கையில் இருந்தன. ஒரே கல்லூரியின் ஆண்கள் அணியும் பெண்கள் அணியும் ஒரே சங்கத்தின் விதிகளின்கீழ் வருவது நிர்வாகத்திற்கும் எளிது. எனவே பெரிய பல்கலைக்கழகங்கள் ஒவ்வொன்றாக மாறின.

இதனால் 1981ஆம் ஆண்டில் இரண்டு தேசியக் கைப்பந்துப் போட்டிகள் நடந்தன. என்.சி.ஏ.ஏ. நடத்திய முதல் போட்டியில் 20 அணிகள் பங்கேற்றன. யூ.சி.எல்.ஏ.வின் பாலி பெவிலியன் அரங்கில் நடந்த இறுதியாட்டத்தில், தெற்கு கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் யூ.சி.எல்.ஏ. அணியை அதன் சொந்த அரங்கிலேயே 3-2 என்ற செட் கணக்கில் வென்றது. பெண்கள் சங்கத்தின் போட்டியில் டெக்சாஸ் பல்கலைக்கழகம் வென்றது.

டெக்சாஸ் பெண்கள் சங்கத்தோடு நின்றதற்குக் காரணம் இருந்தது. அப்பல்கலைக்கழகத்தின் பெண்கள் விளையாட்டு இயக்குநர் டோனா லோபியானோ அவ்வாண்டு அச்சங்கத்தின் தலைவர். சிறுமியாக இருந்தபோது பேஸ்பால் அணிக்குத் தேர்வாகியும், பெண் ஆடக்கூடாது என்ற விதியால் விலக்கப்பட்டவர் அவர். அவருடைய சங்கம் நடத்திய கடைசிக் கைப்பந்துப் பட்டத்தை அவருடைய பல்கலைக்கழக அணியே வென்றது.

பெண்கள் சங்கம் 1981இல் என்.சி.ஏ.ஏ. மீது ஏகபோக எதிர்ப்புச் சட்டத்தின்கீழ் வழக்குத் தொடுத்தது. உறுப்பினர்களும் தொலைக்காட்சி வருவாயும் போனபின், 1982இல் தன் போட்டிகளை நிறுத்தியது. 1983இல் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. 1984இல் மேல்முறையீடும் தோற்றது. லோபியானோவின் டெக்சாஸும் என்.சி.ஏ.ஏ.வில் சேர்ந்தது.

கிடைத்ததும் போனதும்

இந்த மாற்றத்தால் மாணவியருக்குக் கிடைத்தவை பல. உதவித்தொகைகள் பெருகின. பயண வசதியும் நல்ல அரங்குகளும் வந்தன. ஊதியம் உயர்ந்ததால் பயிற்சியாளர் பணி முழுநேரத் தொழிலாயிற்று.

போனது நிர்வாகத்திலும் பயிற்சியிலும் பெண்களுக்கிருந்த இடம். 1972இல் அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் அணிகளில் 90 விழுக்காட்டுக்கு மேற்பட்டவற்றைப் பெண்களே பயிற்றுவித்தனர். 2014இல் அது 43 விழுக்காடாகக் குறைந்திருந்தது. ஊதியம் உயர்ந்த வேலைகளுக்கு ஆண்கள் விண்ணப்பித்தனர். ஆண், பெண் விளையாட்டுத் துறைகள் ஒன்றாக இணைக்கப்பட்ட இடங்களில் பெரும்பாலும் ஆண் இயக்குநரே தலைமைக்கு வந்தார். கைப்பந்தில் இதன் விளைவு தெளிவாகவே தெரிந்தது. பெண்கள் சங்கத்தின் காலத்தில் பெண் பயிற்சியாளர்கள் பட்டம் வென்றிருந்தனர். என்.சி.ஏ.ஏ. காலத்தின் முதல் 43 போட்டிகளில் ஒன்றில்கூடப் பெண் தலைமைப் பயிற்சியாளர் பட்டம் வெல்லவில்லை.

கலிபோர்னியாவும் ஹவாயும் (1981-1987)

முதல் ஏழு ஆண்டுகளில் பட்டம் கலிபோர்னியா, ஹவாய் ஆகிய இரு மாநிலங்களைத் தாண்டவில்லை. கடற்கரை மணலில் ஆண்டு முழுவதும் ஆடும் வழக்கமும், வலுவான பள்ளி, மன்ற அணிகளும் இதற்குக் காரணங்கள். 1982 இறுதியில் ஹவாய் அணி, முதல் இரண்டு செட்டுகளை இழந்தபின் மீண்டு வந்து தெற்கு கலிபோர்னியாவை 3-2 என வென்றது. டீட்ரா காலின்ஸ் அவ்வணியின் சிறந்த ஆட்டக்காரர். 1983இலும் ஹவாயே வென்றது. 1984இல் யூ.சி.எல்.ஏ. வென்றது. 1985, 1986 ஆண்டுகளில் ஸ்டாக்டன் நகரின் பசிபிக் பல்கலைக்கழகம் தொடர்ந்து இரு முறை பட்டம் பெற்றது. அளவில் சிறிய தனியார் பல்கலைக்கழகமொன்று இவ்வாறு தொடர்ந்து வென்றது பெரும் சாதனை. 1987இல் ஹவாய் மூன்றாம் முறை வென்றது.

கிழக்கு நோக்கி (1988-2006)

1988இல் மின்னியாபொலிஸ் நகரில் நடந்த இறுதியில் டெக்சாஸ் 3-0 என ஹவாயை வென்று, என்.சி.ஏ.ஏ. பட்டத்தை அவ்விரு மாநிலங்களுக்கு வெளியே கொண்டு சென்றது. 1981இல் பெண்கள் சங்கத்தின் கடைசிப் பட்டத்தை வென்றபோது இருந்த பயிற்சியாளர் மிக் ஹேலியே இப்போதும் அணியை நடத்தினார்.

1995இல் நெப்ராஸ்கா முதல் பட்டத்தை வென்றது. கைப்பந்து பிறந்து நூறாண்டு நிறைந்த அவ்வாண்டில் இறுதிச்சுற்று, ஹோலியோக்கிற்கு அருகிலுள்ள ஆம்ஹர்ஸ்ட் நகரில் நடந்தது. 1999இல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகமான பென் ஸ்டேட் வென்றது. நாட்டின் கிழக்குப் பகுதிக்குப் பட்டம் சென்றது அதுவே முதல் முறை. அந்த அணியில் கேட்டி ஷூமேக்கர் என்ற மாணவி ஆடினார்.

இக்காலத்தில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 1992, 1994, 1996, 1997, 2001, 2004 ஆகிய ஆண்டுகளில் வென்று முன்னணிக்கு வந்தது. 1998இல் லாங் பீச் மாநிலப் பல்கலைக்கழகம் 36 ஆட்டங்களிலும் வென்று, தோல்வியே காணாமல் பட்டம் பெற்ற முதல் என்.சி.ஏ.ஏ. அணியாயிற்று. அதன் செட்டர் மிஸ்டி மே. 1996, 1997 ஸ்டான்ஃபோர்டு அணிகளில் ஆடியவர் கெர்ரி வால்ஷ். பின்னாளில் இவ்விருவரும் இணைந்து 2004, 2008, 2012 ஒலிம்பிக்குகளில் கடற்கரைக் கைப்பந்தில் தங்கம் வென்றனர். 2000இல் நெப்ராஸ்காவும் 2003இல் தெற்கு கலிபோர்னியாவும் தோல்வியின்றிப் பட்டம் பெற்றன.

பென் ஸ்டேட்டின் தொடர் வெற்றி (2007-2010)

ரஸ் ரோஸ் 1979 முதல் 2021 வரை பென் ஸ்டேட் அணியின் பயிற்சியாளராக இருந்தவர். அவருடைய அணி 2007 முதல் 2010 வரை தொடர்ந்து நான்கு ஆண்டுகள் பட்டம் வென்றது. இச்சாதனையை வேறெந்த அணியும் எட்டவில்லை. 2007 செப்டம்பரில் ஸ்டான்ஃபோர்டிடம் தோற்ற இவ்வணி, அதன்பின் 109 ஆட்டங்களில் தொடர்ந்து வென்றது. 2010 செப்டம்பரில் அத்தொடரை முடித்ததும் ஸ்டான்ஃபோர்டே.

இத்தொடரின் நடுவே இரு ஆட்டங்கள் ரசிகர்களின் நினைவில் நிற்கின்றன. 2008 அரையிறுதி நெப்ராஸ்கா மாநிலத்தின் ஓமஹா நகரில், நெப்ராஸ்கா ரசிகர்கள் நிறைந்த அரங்கில் நடந்தது. அதுவரை தொடர்ந்து 111 செட்டுகளை வென்றிருந்த பென் ஸ்டேட் மூன்றாவது, நான்காவது செட்டுகளை இழந்தது. ஐந்தாவது செட்டில்தான் தப்பியது. 2009 இறுதியில் டெக்சாஸ் முதல் இரண்டு செட்டுகளையும் வென்றது. டெஸ்டினி ஹூக்கர் என்ற டெக்சாஸ் வீராங்கனை உயரம் தாண்டுதலிலும் தேசியச் சாம்பியன். அவருடைய ஸ்மாஷ்களைத் தடுப்பது அரிதாக இருந்தது. ஆயினும் பென் ஸ்டேட் அடுத்த மூன்று செட்டுகளையும் எடுத்துப் பட்டத்தைத் தக்கவைத்தது. 2008, 2009 ஆகிய இரு ஆண்டுகளிலும் அவ்வணி 38 ஆட்டங்களில் 38 வெற்றி பெற்றது.

ஆட்ட விதிகளில் மாற்றம்

தொடக்கத்தில் சர்வீஸ் செய்யும் அணிக்கு மட்டுமே புள்ளி கிடைக்கும். செட் 15 புள்ளிகளுடன் முடியும். இதனால் ஓர் ஆட்டம் எப்போது முடியும் என்று கணிக்க இயலாது. தொலைக்காட்சி ஒளிபரப்புக்கும் இது இடையூறாக இருந்தது. 2001 முதல் ஒவ்வொரு முறை பந்து ஓயும்போதும் ஏதேனும் ஓர் அணிக்குப் புள்ளி என்ற முறை வந்தது. அப்போது செட்டுக்கு 30 புள்ளிகள். 2008 முதல் அது 25 ஆயிற்று. ஐந்தாவது செட் மட்டும் 15 புள்ளிகள். தடுப்பாட்டத்திற்கென வேறு நிறச் சட்டையுடன் ஆடும் லிபரோ 2002இல் அறிமுகமானார்.

பன்னாட்டு ஆட்டத்தில் ஒரு செட்டில் ஆறு மாற்று ஆட்டக்காரர் வாய்ப்புகளே உண்டு. அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் ஆட்டத்தில் 15 வரை அனுமதி உண்டு. இதனால் அதிக மாணவியருக்கு ஆடும் வாய்ப்புக் கிடைக்கிறது.

போட்டி நடைபெறும் முறை

- வெவ்வேறு கூட்டமைப்புகளின் சாம்பியன்கள் நேரடியாகத் தகுதி பெறுவர். மீதியிடங்களுக்கான அணிகளைத் தேர்வுக்குழு தெரிவு செய்யும்.
- 1998 முதல் 64 அணிகள் பங்கேற்கின்றன. ஒரு முறை தோற்றால் வெளியேற வேண்டும்.
- முதல் இரு சுற்றுகள் தரவரிசையில் முன்னிற்கும் 16 பல்கலைக்கழகங்களின் அரங்குகளில் நடக்கும்.
- அதில் வென்ற 16 அணிகள் வட்டாரச் சுற்றில் ஆடும்.
- கடைசி நான்கு அணிகளின் அரையிறுதி, இறுதி ஆட்டங்கள் முன்னரே அறிவித்த நகரில் நடக்கும்.

பட்டம் பெற ஓர் அணி தொடர்ந்து ஆறு ஆட்டங்களில் வெல்ல வேண்டும்.

பெருகிய பார்வையாளர்கள்

நெப்ராஸ்கா மாநிலத்தில் கைப்பந்து ஊர்த் திருவிழா போன்றது. 2006இல் ஓமஹாவில் நெப்ராஸ்கா பட்டம் வென்ற இறுதியாட்டத்தை 17,209 பேர் கண்டனர். 2023 ஆகஸ்ட் 30 அன்று லிங்கன் நகரின் திறந்தவெளி அமெரிக்கக் கால்பந்து அரங்கில், நெப்ராஸ்கா அணியும் ஓமஹா அணியும் ஆடிய கைப்பந்து ஆட்டத்திற்கு 92,003 பேர் வந்தனர். பெண்கள் விளையாட்டு நிகழ்ச்சி ஒன்றுக்கு அதுவரை பதிவான மிகப்பெரிய கூட்டங்களில் இது முன்னிற்பது. அதே ஆண்டு டிசம்பரில் டாம்பா நகரில் டெக்சாஸ் நெப்ராஸ்காவை வென்ற இறுதியை 19,727 பேர் நேரில் பார்த்தனர். இறுதியாட்டம் ஏ.பி.சி. தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது அப்போதுதான் முதல் முறை.

இந்த வளர்ச்சிக்கிடையிலும் சமமின்மை நீங்கவில்லை. கொரோனா பெருந்தொற்றால் 2020ஆம் ஆண்டுப் போட்டி 2021 ஏப்ரலில், 48 அணிகளுடன் ஓமஹாவில் மட்டும் நடத்தப்பட்டது. அதற்குச் சில வாரங்கள் முன்பு, கூடைப்பந்துப் போட்டியில் ஆண்களுக்கு முழு உடற்பயிற்சிக் கூடமும் பெண்களுக்குச் சில எடைகளும் மட்டும் தரப்பட்டிருந்ததை ஒரு வீராங்கனை படம்பிடித்து வெளியிட்டிருந்தார். கைப்பந்துப் பயிற்சியாளர்களும் வசதிக் குறைவுகளையும், தொடக்கச் சுற்றுகளுக்கு வர்ணனை இல்லாததையும் சுட்டிக்காட்டினர். வர்ணனைக்குப் பின்னர் ஏற்பாடு செய்யப்பட்டது. அப்போட்டியில் கென்டக்கி முதல் முறையாகப் பட்டம் வென்றது.

அதே 2021 ஆகஸ்டில் டோக்கியோ ஒலிம்பிக்கில் அமெரிக்க மகளிர் அணி கைப்பந்தில் முதல் தங்கத்தை வென்றது. அவ்வணியின் 12 பேரும் இக்கல்லூரிப் போட்டிகளில் ஆடி வளர்ந்தவர்கள். அணித்தலைவர் ஜோர்டன் லார்சன் 2006 நெப்ராஸ்கா சாம்பியன் அணியில் ஆடியவர்.

லூயிவில், 2024

2024 டிசம்பரில் கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரில் நடந்த இறுதியாட்டத்தில் பென் ஸ்டேட்டும் லூயிவில் பல்கலைக்கழகமும் மோதின. இரு அணிகளின் தலைமைப் பயிற்சியாளர்களும் பெண்கள். எனவே யார் வென்றாலும் வரலாறு மாறும் என்பது ஆட்டம் தொடங்கும் முன்பே உறுதியாகியிருந்தது.

பென் ஸ்டேட்டின் பயிற்சியாளர் கேட்டி ஷூமேக்கர்-காவ்லி. 1999இல் அப்பல்கலைக்கழகம் முதல் பட்டம் வென்றபோது அணியில் ஆடிய அதே மாணவி. ரஸ் ரோஸ் ஓய்வுபெற்றபின் 2022இல் அவர் பொறுப்பேற்றார். 2024 செப்டம்பரில் அவருக்கு மார்பகப் புற்றுநோய் இருப்பது தெரியவந்தது. சிகிச்சை பெற்றுக்கொண்டே அவர் அணியை நடத்தினார். லூயிவில் பயிற்சியாளர் டானி பஸ்பூம் கெல்லியும் 2006இல் நெப்ராஸ்கா சாம்பியன் அணியில் ஆடியவர்.

அரையிறுதியில் பென் ஸ்டேட் முதல் இரு செட்டுகளை இழந்தும் நெப்ராஸ்காவை 3-2 என வென்றிருந்தது. இறுதியில் சொந்த ஊர் ரசிகர்களின் ஆரவாரத்துடன் ஆடிய லூயிவில்லை 25-23, 32-34, 25-20, 25-17 எனத் தோற்கடித்தது. அரங்கில் 21,000க்கும் மேற்பட்டோர் இருந்தனர். என்.சி.ஏ.ஏ. முதல் பிரிவு மகளிர் கைப்பந்தில் பட்டம் வென்ற முதல் பெண் தலைமைப் பயிற்சியாளராக ஷூமேக்கர்-காவ்லி பதிவானார். போட்டி தொடங்கி 43 ஆண்டுகள் கழித்தே இது நிகழ்ந்தது. அடுத்த சில வாரங்களில் நெப்ராஸ்கா பயிற்சியாளர் ஜான் குக் ஓய்வுபெற, அவ்விடத்திற்கு பஸ்பூம் கெல்லி நியமிக்கப்பட்டார்.

பட்டம் வென்ற பல்கலைக்கழகங்கள் (1981-2024)

- ஸ்டான்ஃபோர்டு: 9
- பென் ஸ்டேட்: 8
- நெப்ராஸ்கா: 5
- யூ.சி.எல்.ஏ.: 4
- டெக்சாஸ்: 4
- ஹவாய்: 3
- லாங் பீச் மாநிலம்: 3
- தெற்கு கலிபோர்னியா: 3
- பசிபிக்: 2
- வாஷிங்டன்: 1
- கென்டக்கி: 1
- விஸ்கான்சின்: 1

1981க்கு முன் பெண்கள் சங்கமும் அதன் முன்னோடி அமைப்பும் நடத்திய போட்டிகளின் பட்டங்கள் இப்பட்டியலில் சேர்வதில்லை. 1970இலும் 1971இலும் வென்ற சல் ராஸ், 1978இல் வென்ற யூட்டா மாநிலம் ஆகியவற்றின் பெயர்கள் இதனால்தான் இதில் இல்லை. இப்போட்டியின் முழு வரலாற்றை அறிய விரும்புவோர், அந்தப் பதினோரு ஆண்டுகளையும் சேர்த்தே படிக்க வேண்டும்.